வாயில் வரும் வெள்ளைத் திட்டு: பழைய பயாப்ஸி பிளாக்குகளை லேசர் ஸ்கேனிங் சைட்டோமெட்ரியில் அளக்கலாமா?

#1 அரூர் மாணவி

எல்லோருக்கும் வணக்கம். எம்.டி. நோயியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் அரூர். தருமபுரியில் எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வகத்தின் அலமாரியில் வாய் பயாப்ஸி பாரஃபின் பிளாக்குகள் (மெழுகில் பதித்த திசுத் துண்டுகள்) பல வருடங்களாகச் சேர்ந்து கிடக்கின்றன. அவற்றில் நாற்பது, லுகோபிளாக்கியா, அதாவது வாயில் வரும் வெள்ளைத் திட்டு, என்று அறிக்கை போனவை. நம் பக்கம் வெற்றிலை பாக்கோடு புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. அதனால் இந்த வெள்ளைத் திட்டோடு வருகிறவர்களுக்கும் குறைவில்லை.

இந்தத் திட்டுகளில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாமல் அப்படியே இருந்துவிடுகின்றன. சில மட்டும் புற்றுநோயாகின்றன. எது மாறும் எது மாறாது என்று நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வது கடினம். டிஸ்பிளேசியா (செல்கள் இயல்பு மாறி ஒழுங்கு குலையும் நிலை) லேசானதா, நடுத்தரமா என்பதில் ஒரே ஸ்லைடைப் பார்க்கும் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். செல்லில் டிஎன்ஏ எவ்வளவு இருக்கிறது என்று எண்ணாக எடுத்தால் கொஞ்சம் உறுதியாகப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் லேசர் ஸ்கேனிங் சைட்டோமீட்டர் இருக்கிறது. ஓரிரு நாள் நேரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். 4 மைக்ரான் செக்‌ஷன்கள் வெட்டி வைத்துவிட்டேன். டிஎன்ஏவைப் பிடித்து ஒளிரும் புரோப்பிடியம் அயோடைடு சாயம் போட்டு எடுத்துக்கொண்டு போனால் போதுமா? ஃப்ளோ சைட்டோமெட்ரி ஓரளவு தெரியும். இந்தக் கருவி எனக்குப் புதிது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஓசூர் லேசர்

தங்கச்சி, இந்த வகைக் கருவியோடு சில வருடங்கள் வேலை பார்த்தவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஃப்ளோவில் செல்களைத் திரவத்தில் மிதக்கவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக லேசர் முன்னால் ஓடவிடுவோம். வினாடிக்கு ஆயிரக்கணக்கில் கடந்துபோகும். அளந்த செல் கழிவுப் புட்டிக்குப் போய்விடும். லேசர் ஸ்கேனிங்கில் செல் ஸ்லைடிலேயே நிற்கிறது, லேசர் அதைத் தேடிப் போகிறது. நம் ஊர்ப் பட்டுக்கூட்டை நினைத்துக்கொள். சந்திரிகையிலிருந்து (புழு கூடு கட்டும் மூங்கில் தட்டு) உதிர்த்துத் தராசில் கொட்டி எடை பார்ப்பது ஒரு வழி. கூடு சந்திரிகையில் எந்த இடத்தில் பின்னப்பட்டதோ அங்கேயே விட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்து, எந்த வளையத்தில் எத்தனையாவது கூடு என்று எழுதிக்கொள்வது இன்னொரு வழி. இரண்டாவதில் நேரம் அதிகமாகும். ஆனால் எடையும் கிடைக்கும், இடமும் கிடைக்கும். அப்புறம் எப்போது வேண்டுமானாலும் அதே கூட்டுக்குத் திரும்பிப் போகலாம்.

உள்ளே நடப்பது இதுதான். நிமிர்ந்த ஒரு நுண்ணோக்கி. 488 நானோமீட்டர் ஆர்கான் லேசர், 633 நானோமீட்டர் ஹீலியம் நியான் லேசர், சில கருவிகளில் 405 ஊதா லேசரும் உண்டு. ஆடும் கண்ணாடி ஒன்று லேசர் புள்ளியை ஒரு திசையில் இழுக்கும். ஸ்லைடு மேடை அதற்குக் குறுக்காக அரை மைக்ரான் அரை மைக்ரானாக நகரும். ஒவ்வொரு புள்ளியிலும் வரும் ஒளியை ஃபோட்டோமல்டிப்ளையர் குழாய்கள் வாங்கிக்கொள்கின்றன. அந்த எண்களிலிருந்து மென்பொருள் ஒவ்வொரு உட்கருவுக்கும் ஒரு எல்லைக்கோடு போட்டு, கோட்டுக்குள் மொத்த ஒளி எவ்வளவு, மிகப் பிரகாசமான புள்ளி எவ்வளவு, பரப்பு எவ்வளவு, ஸ்லைடில் எந்த இடம் என்று எழுதி வைக்கும்.

கன்ஃபோக்கல் நுண்ணோக்கியோடு குழப்பிக்கொள்ளாதே, பலர் குழப்புகிறார்கள். கன்ஃபோக்கல் மெல்லிய ஒரு தளத்தை மட்டும் கூர்மையாகக் காட்டும். இது ஆழம் முழுவதிலிருந்தும் வரும் ஒளியைக் கூட்டிக்கொடுக்கும். படம் அவ்வளவு அழகாக இருக்காது, அளவு சரியாக இருக்கும். டிஎன்ஏ அளக்க அதுதான் வேண்டும்.

இதை உருவாக்கியவர் லூயிஸ் கமென்ட்ஸ்கி. 1960களில் ஐபிஎம்மில் இருந்தபோது ஓடும் செல்களை அளக்கும் தொடக்ககாலக் கருவிகளில் ஒன்றைச் செய்தவரும் அவரே. 1991இல் வந்த கட்டுரையில், ஸ்லைடில் எடுக்கும் அளவும் ஃப்ளோவில் வரும் அளவுக்கு ஈடாக இருக்கும் என்று காட்டினார். ஓடவிட்டு அளந்தவரே பிறகு நிறுத்திவைத்து அளக்க வந்தார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

உன் 4 மைக்ரான் செக்‌ஷன் பற்றி மேடம் யாராவது சொல்வார்கள். எனக்கு அதில் சந்தேகம் இருக்கிறது.

#3 காவேரிப்பட்டணம் ஓய்வு

முப்பது வருடங்களுக்கு மேல் நோயியலில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஓசூர்த் தம்பி கருவியைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். செக்‌ஷனைப் பற்றி நான் சொல்கிறேன். அம்மா, வெட்டி வைத்த ஸ்லைடுகளில் டிஎன்ஏ அளவு எடுக்காதே.

காரணம் வெறும் கணக்கு. உட்கருவை 8 மைக்ரான் விட்டமுள்ள உருண்டை என்று வைத்துக்கொள். நீ வெட்டுவது 4 மைக்ரான். ஒரு உட்கருகூட முழுதாக உன் ஸ்லைடில் வராது. நட்டநடுவே வெட்டு விழுந்தாலும் அதன் கன அளவில் ஏறக்குறைய 69 சதவீதம்தான் வரும். நடுவிலும் விழும், ஓரத்திலும் விழும். எல்லாவற்றுக்கும் சராசரி எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு. செக்‌ஷன் தடிமனை, தடிமனும் விட்டமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால் போதும்: நான்கின்கீழ் பன்னிரண்டு.

இப்போது ஹிஸ்டோகிராமை, அதாவது எந்த டிஎன்ஏ அளவில் எத்தனை உட்கரு என்று காட்டும் வரைபடத்தை, நினைத்துப் பார். 46 குரோமோசோமும் உள்ள சாதாரண செல்லில் டிஎன்ஏ சுமார் 6.6 பிக்கோகிராம். அதில் ஒரு துண்டுதான் உன் ஸ்லைடில் இருக்கிறது. இரட்டிப்பு டிஎன்ஏ உள்ள உட்கரு பாதியாக வெட்டுப்பட்டால், அது முழுச் சாதாரண உட்கரு மாதிரியே தெரியும். சிகரம் இருக்க வேண்டிய இடத்தில் சரிவுதான் இருக்கும். கருவி பொய் சொல்லாது. வெட்டுப்பட்ட துண்டைச் சரியாகத்தான் அளக்கும்.

தடிமனாக வெட்டினால் என்ன என்று கேட்பாய். 10 மைக்ரானில் வெட்டினாலும் ஒன்பதில் ஒரு உட்கருதான் முழுதாக இருக்கும். 20 மைக்ரானில் நூற்றுக்கு நாற்பத்து மூன்று முழுதாக வரும். ஆனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துவிடும். வாய் எபிதீலியத்தின் (வாயின் உட்புறத்தை மூடியிருக்கும் செல் அடுக்குகள்) அடியடுக்கில் உட்கருக்கள் எவ்வளவு நெருக்கம் என்று உனக்குத் தெரியும். எல்லைக்கோடு எங்கே போடுவது?

#4 அரூர் மாணவி

மேடம், இந்தக் கணக்கை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதே இல்லை. காகிதத்தில் வரைந்து பார்த்தேன், சரியாக வருகிறது. அப்படியானால் நாற்பது ஸ்லைடும் வீணா?

#5 ஓசூர் லேசர்

வீணில்லை. கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்.

முதல் கேள்வி, டிஎன்ஏ எவ்வளவு. அதற்கு உட்கருவைத் திசுவிலிருந்து முழுதாக வெளியே எடுக்க வேண்டும். 1983இல் ஹெட்லி குழு சொன்ன வழி இன்றும் நடக்கிறது. அதே பிளாக்கிலிருந்து 50 மைக்ரான் தடிமனில் வெட்டு. பாரஃபினைக் கரைத்து, ஆல்கஹால் வழியாகத் தண்ணீருக்குக் கொண்டுவந்து, பெப்சினில் செரிக்க வை. வடிகட்டினால் உட்கருக்கள் தனித்தனியாக வரும். அவர்கள் அதை ஃப்ளோவில் விட்டார்கள். நீ ஸ்லைடில் பரப்பிச் சாயம் போட்டு லேசருக்குக் கொடு. 50 மைக்ரானில் ஓரத்தில் வெட்டுப்படும் உட்கரு குறைவு.

இரண்டாவது கேள்வி, எங்கே. உட்கருவைப் பிரித்தெடுத்தால் அது அடியடுக்கிலிருந்து வந்ததா, மேலடுக்கிலிருந்து வந்ததா என்பது போய்விடும். அதற்குத்தான் உன் 4 மைக்ரான் ஸ்லைடு. அதில் கேஐ-67 என்ற புரதத்துக்கான சாயம் போடு. பெருகும் நிலையில் இருக்கும் செல்களைக் காட்டும். நல்ல வாய்த்தோலில் அவை அடியடுக்கிலும் அதையொட்டியும் இருக்கும். டிஸ்பிளேசியாவில் மேலே ஏறும். இங்கே டிஎன்ஏ எத்தனை பிக்கோகிராம் என்பது கேள்வியே இல்லை. இந்த உட்கருவில் புரதம் இருக்கிறதா, அடித்தளச் சவ்விலிருந்து எவ்வளவு தூரம், இவ்வளவுதான். வெட்டுப்பட்ட உட்கருவும் அதற்குப் பதில் சொல்லும். இடம் தெரிந்து அளப்பதுதானே இந்தக் கருவியின் பலம். அதை அது வெல்கிற இடத்தில் பயன்படுத்து.

நெருக்கத்தால் எல்லைக்கோடு போட முடியாத இடங்களில் ஃபான்டம் கான்டூர் என்று ஒரு வழி உண்டு. திசுமேல் ஒரே அளவு வட்டங்களைக் கட்டம் கட்டமாக விரித்து, ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் என்ன ஒளி என்று எடுப்பது. செல் கணக்கு கிடைக்காது. எந்தப் பகுதியில் எவ்வளவு என்று பரப்பளவுக் கணக்கு கிடைக்கும்.

சாயம் பற்றி ஒன்று. புரோப்பிடியம் அயோடைடு ஆர்என்ஏவையும் பிடிக்கும். ஆர்என்ஏவை உடைக்கும் ஆர்என்ஏஸ் நொதியைப் போட்டுக் கழிக்காமல் அளக்காதே. அது உட்கருவோடு ஒட்டி நிற்கும் சாயமும் இல்லை. சுற்றியுள்ள திரவத்தில் சாயம் இருந்தால்தான் உட்கருவிலும் சமநிலையில் இருக்கும், கழுவினால் போய்விடும். தருமபுரியில் போட்டு, பஸ்ஸில் மூன்று மணி நேரம் வெயிலில் கொண்டுபோகாதே. சாயம் போடாத ஸ்லைடை எடுத்துப்போய் அங்கேயே போடு.

#6 பென்னாகரம் பல்

இழையைப் படித்துக்கொண்டே இருந்தேன். நான் பயாப்ஸி எடுக்கிற பக்கம். நீங்கள் எல்லோரும் பிளாக்கிலிருந்து தொடங்குகிறீர்கள், பிளாக் எங்கிருந்து வருகிறது என்பதையும் கொஞ்சம் பேச வேண்டும்.

தொழில் தொடங்கிய புதிதில் நான் வேலை பார்த்த ஒரு சிறிய இடத்தில், கன்னத்திலிருந்து எடுத்த துண்டைச் சலைனில் போட்டு, உறவினர் கையில் கொடுத்துத் தருமபுரிக்கு அனுப்புவார்கள். அவர் மறுநாள்தான் போவார். இன்னோர் இடத்தில் திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் இருந்தது. ஆனால் வாய் குறுகிய மருந்துப் புட்டி, துண்டு மூழ்கும் அளவுக்குத்தான் திரவம். எப்போது கலக்கியது என்று யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை எடுத்தது செவ்வாய்க்கிழமை ஆய்வகத்துக்குப் போகும். அறிக்கை எப்படியோ வந்துவிடும், அதனால் யாருக்கும் இது குறையாகத் தெரியவில்லை. அறுத்துக் கொடுத்தவர் மறுபடி வாய் திறந்து காட்டும்போது, எழுதிய அறிக்கையை நம்பித்தான் நான் அவருக்கு ஒரு வார்த்தை சொல்கிறேன். அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

மாணவி, உங்கள் நாற்பது பிளாக்கில் எத்தனை இந்த மாதிரிப் புட்டிகளில் வந்தவை என்று பதிவேட்டில் பாருங்கள்.

#7 காவேரிப்பட்டணம் ஓய்வு

டாக்டர் சொன்னதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எண் கேட்கும் வேலையில் ஃபார்மலின்தான் முதல் கருவி. ஃபார்மலின் திசுவுக்குள் மணிக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் போகும். துண்டின் கன அளவைப்போலப் பத்து மடங்காவது திரவம் வேண்டும். 10 சதவீத நியூட்ரல் பஃபர் ஃபார்மலின் என்று சொல்வதில் அந்த ‘பஃபர்’ என்பது அலங்காரச் சொல் இல்லை. பஃபர் இல்லாமல் வைத்தால் ஃபார்மிக் அமிலம் உண்டாகி டிஎன்ஏவை அரிக்கும். ஸ்லைடில் பழுப்பாகப் படியும் ஃபார்மலின் நிறமி இருந்தால் அந்த பிளாக்கைச் சந்தேகப்படு. அதிக நாள் ஊறினால் குறுக்கிணைப்பு கூடி, சாயம் டிஎன்ஏவில் போய் உட்கார இடம் குறையும். சிகரம் அகலமாகும், இடமும் நகரும்.

அதனால்தான் ஒவ்வொரு மாதிரியிலும் அதே துண்டில் இருக்கும் லிம்ஃபோசைட்டுகளை (ஒரு வகை வெள்ளணு) அளவுகோலாக வைக்கிறோம். அவையும் அதே புட்டியில் அதே நேரம் ஊறியவை. அவற்றின் சிகரத்தை 1.0 என்று வைத்து, எபிதீலியச் செல்லின் சிகரம் எங்கே என்று பார். லிம்ஃபோசைட்டின் குரோமாட்டின் இறுக்கமானது, சாயம் சற்றுக் குறைவாகவே ஏறும். அதற்குத் திருத்தக் காரணி போடுவது வழக்கம். வேறு நோயாளியின் ரத்தத்தை அளவுகோலாக வைக்காதே.

இன்னொன்று, இது முக்கியம். லுகோபிளாக்கியாவும் டிஎன்ஏ அளவும் என்று தேடினால் 2001இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஒரு நார்வே கட்டுரை கண்ணில் படும். டிஎன்ஏ அளவு மாறிய திட்டுகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோயாயின என்று எழுதியிருப்பார்கள். நானும் அதை நம்பி வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அதே ஆய்வாளர் 2005இல் லான்செட்டில் எழுதிய கட்டுரையின் நோயாளிகள் கற்பனை என்று 2006 தொடக்கத்தில் வெளிவந்தது. அந்த ஆண்டிலேயே 2001 கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது. பிறகு வேறு குழுக்கள் தனியாகச் செய்த ஆய்வுகளில், டிஎன்ஏ அளவு மாறிய திட்டுகளுக்கு ஆபத்து அதிகம் என்று வந்திருக்கிறது, ஆனால் அந்தப் பழைய கட்டுரை சொன்ன அளவுக்கு இல்லை. கேள்வி உயிரோடுதான் இருக்கிறது. நீ அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிவிடாதே. அதை நம்பி எழுதிய மற்றக் கட்டுரைகளையும் பார்த்துப் பிரித்துக்கொள்.

அந்தச் செய்தி வந்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. யாராவது ஸ்லைடைக் கேட்டிருந்தால் அது நின்றிருக்காதே என்றுதான் யோசித்தேன்.

#8 பாலக்கோடு நிரல்

மேடம் சொன்னதற்கு ஒரு தொடர்ச்சி. லேசர் ஸ்கேனிங் கருவியில் ஹிஸ்டோகிராமின் ஒரு புள்ளியைத் தொட்டால் அந்தச் செல்லின் படம் வரும். அதனால் ஹிஸ்டோகிராமை மட்டும் ஒட்டாமல், ஒவ்வொரு செல்லின் எண்களும் உள்ள மூலக் கோப்பையும் படங்களையும் ஆய்வேட்டோடு சேர்த்துப் பாதுகாத்து வையுங்கள்.

கேஐ-67க்கு மட்டும் என்றால் பெங்களூர் போகத் தேவையில்லை என்பது என் கருத்து. பழுப்பு நிற டிஏபி சாயத்தில் போட்டு, ஸ்லைடு ஸ்கேனரில் படமெடுத்து, கியூபாத் மென்பொருளில் எண்ணலாம். இலவசம். 2017இல் அதன் கட்டுரை வந்தது, இப்போது உலகெங்கும் நோயியல் துறைகளில் ஓடுகிறது. சாதாரண மடிக்கணினி போதும். எபிதீலியத்தின் எல்லையைக் குறித்துவிட்டால் ஆழத்தையும் கணக்கிட்டுத் தரும்.

#9 ஓசூர் லேசர்

தம்பி சொல்வது சரி. நான் பழகிய கருவி என்பதற்காக அதையே பிடித்துக்கொண்டிருக்க மாட்டேன். இந்தக் கருவிகள் பழையவை, உதிரிபாகம் கிடைப்பது கடினம். லேசர் போனால் மாதக்கணக்கில் நிற்கும். ஆனால் ஒளிரும் சாயங்களை அளக்கும்போது சாதாரணக் கேமராவைவிட ஃபோட்டோமல்டிப்ளையர் மங்கலுக்கும் பிரகாசத்துக்கும் இடையே அதிக தூரம் தாங்கும். டிஎன்ஏ அளவுக்கு அங்கே போகட்டும். கேஐ-67ஐ ஊரிலேயே செய்யட்டும்.

ஒளிரும் சாயத்திலேயே கேஐ-67 போடுவதானால் மட்டும் ஒரு எச்சரிக்கை. வாய்த்திசுவில் கெரட்டின், கொலாஜன், ரத்தச் சிவப்பணு எல்லாம் 488இல் தானாகவே ஒளிரும். ஃபார்மலின் அதைக் கூட்டும். 633இல் தூண்டும் சாயத்தை எடு, சாயமே போடாத ஒரு ஸ்லைடைக் கட்டாயம் கூட ஓட்டு.

#10 ஏரியூர் வாசகர்

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். எங்கள் அம்மாவுக்கு ஃப்ளோரோசிஸ், எலும்பு வளைந்திருக்கிறது. இந்தக் கருவியில் எலும்புத் திசுவைப் பார்த்து ஏதாவது சொல்ல முடியுமா?

#11 காவேரிப்பட்டணம் ஓய்வு

ஐயா, அம்மாவுக்கு இது தேவையில்லை. தண்ணீரிலும் சிறுநீரிலும் ஃப்ளோரைடு அளவு, எக்ஸ்ரே, இவை போதும். எலும்பை மெல்லிதாக வெட்ட முதலில் சுண்ணாம்பை எடுக்க வேண்டும், அமிலத்தில் எடுத்தால் டிஎன்ஏ கெட்டுவிடும். ஒகேனக்கல் குடிநீர் உங்கள் தெருவுக்கு வருகிறதென்றால் சமையலுக்கும் அதையே பிடியுங்கள். போர்வெல் தண்ணீரை உலையில் வைக்க வேண்டாம், கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது.

#12 அரூர் மாணவி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோர் பேச்சையும் கேட்டு நாற்பதையும் தொடாமல் ஐந்து பிளாக்கை மட்டும் எடுத்தேன். நெறிமுறைக் குழுவிடம் முதலில் அனுமதி வாங்கினேன். மீந்த திசுவுக்குப் பெயரை நீக்கி ஒப்புதலில் விலக்கு கேட்க, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டியில் இடம் இருக்கிறது.

பெப்சினில் முதல் தடவை அதிக நேரம் விட்டுவிட்டேன், உட்கருக்கள் கரைந்தே போயின. இரண்டாம் தடவை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டு எடுத்துப் பார்த்து நிறுத்தினேன். பெங்களூரில் சாயம் போட்டு ஓட்டினோம். இரண்டு பிளாக்கில் லிம்ஃபோசைட் சிகரமே மேடு மாதிரி அகலமாக வந்தது. அவற்றை அளவுகோலாக வைக்க முடியாது என்று விட்டுவிட்டோம். பதிவேட்டில் அந்த இரண்டுக்கும் எடுத்த நேரமும் இல்லை, போட்ட திரவமும் இல்லை.

மூன்றாவது பிளாக்கில் 2.0 இடத்தில் ஒரு சிறு சிகரம். எனக்குக் கை நடுங்கியது, கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஓசூர் அண்ணா சொல்லியிருந்த மாதிரி ஒவ்வொரு புள்ளிக்கும் திரும்பிப் போய்ப் படத்தைப் பார்த்தோம். முக்கால்வாசி, இரண்டு சாதாரண உட்கருக்கள் ஒட்டிக்கொண்டவை. ஃப்ளோவிலேயே நின்றிருந்தால் அதை இரட்டிப்பு டிஎன்ஏ என்று எழுதியிருப்பேனோ என்னவோ. ஒட்டியவற்றை நீக்கியதும் சிகரம் போய்விட்டது. மற்ற இரண்டு பிளாக்கும் சுத்தமான ஒற்றைச் சிகரம்.

#13 ஓசூர் லேசர்

நல்ல வேலை. ஃப்ளோவிலும் துடிப்பின் அகலத்தை வைத்து ஒட்டியவற்றை ஓரளவு கழிப்பார்கள். ஆனால் கண்ணால் பார்த்துக் கழிப்பது வேறு. நீக்கியவற்றின் படங்களையும் அழிக்காதே, எதை ஏன் நீக்கினாய் என்று எழுதி வை.

#14 அரூர் மாணவி

வைத்திருக்கிறேன் அண்ணா. மேடம், ஆய்வேட்டின் தலைப்பையே மாற்றலாமா என்று வழிகாட்டியிடம் பேசியிருக்கிறேன். பழைய நாற்பதில் பதிவேட்டில் விவரம் உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, இனி வரும் மாதிரிகளைச் சரியாக வாங்கிச் சேர்ப்பது என்று. எண்ணிக்கை குறையும்.

#15 காவேரிப்பட்டணம் ஓய்வு

குறையட்டும். பதினைந்து நல்ல பிளாக் இருந்தால் எனக்கு ஸ்லைடு அனுப்பு, நானும் உட்கார்ந்து பார்க்கிறேன்.

#16 பென்னாகரம் பல்

இந்த வாரமே அகல வாய்ப் புட்டிகள் இருபது வாங்கிவிட்டேன். பஃபர் ஃபார்மலின் கலக்கிய தேதியை ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு புட்டிக்கும் ஒரு சீட்டு: எடுத்த மணி, திரவத்தில் போட்ட மணி, கன்னத்தில் எந்தப் பக்கம். தருமபுரி பஸ்ஸில் போகும் பையனிடம் கொடுக்கும்போது அவனும் மணி எழுதிக் கையெழுத்துப் போடுகிறான். முதல் புட்டி நேற்று மாலை 4:40க்குக் கிளம்பியது. மாணவி, வாங்கிய நேரத்தை நீங்களும் அந்தச் சீட்டிலேயே எழுதுங்கள்.